பழ லோரியின் வேகம்

லோரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. ஈப்போவின் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், பின்பக்கம் சுண்ணாம்புக் குன்று தெரிகிற வரிசையில் இருக்கிறது அந்தப் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, மண் கொட்டும் பெட்டி, கோழிக் கூண்டு அடுக்கும் சட்டம் என்று யார் என்ன கேட்டாலும் கணினியில் வரைந்து, தகடு வெட்டுகிறவர்களுக்கு அளவு எழுதிக் கொடுப்பேன். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. நான் வரைந்த பாடி கவிழ்ந்துவிட்டது என்று இதுவரை யாரும் புகார் கொண்டு வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து நான் செய்வது, லோரிகளைக் கவிழ்ப்பது.

விளையாட்டு என்றுதான் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஜெயிக்கவோ தோற்கவோ ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நிலம், சில சாலைகள், சில வண்டிகள், பூமியின் ஈர்ப்பு, அவ்வளவுதான் கொடுப்பார்கள். மீதியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினால் அது நிஜ வண்டி நசுங்குகிற மாதிரியே நசுங்கும். ஏனென்றால் அந்த வண்டி வெறும் படம் இல்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடை கொடுத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு கோடு எவ்வளவு வளையும், எப்போது அறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. விளையாட்டோடு வருகிற வண்டிகள் போதாது என்று நினைக்கிறவர்கள் சொந்தமாக வண்டி செய்து, மற்றவர்களும் ஓட்டட்டும் என்று இணையத்தில் போடுவார்கள். அப்படிப் போடுவதை மோட் என்பார்கள். நான் மோட் செய்கிறவள்.

என் குடும்பத்தில் இதை ஒரு வேலை என்று யாரும் ஒத்துக்கொண்டதில்லை. உறவுக்காரர்கள் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "அவ கம்ப்யூட்டர்ல என்னமோ செய்யுறா" என்று சொல்லி அண்ணி பேச்சை மாற்றிவிடுவார். நாற்பது வயதுப் பெண் ஈப்போவில் தனியாக ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்து பொம்மை லோரி ஓட்டுகிறாள் என்று சொல்வதைவிட அது மரியாதையாக இருந்தது. நானும் மறுத்ததில்லை.

எங்கள் மோட் குழுவில் பதினைந்து பேர்வரை இருக்கிறோம். ஆளுக்கொரு நாடு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் கனரக வண்டிக்காரர்கள், அதாவது குப்பை லோரி, சிமெண்டு லோரி, மரத்தடி லோரி என்று செய்கிறவர்கள். பளபளவென்று கார் செய்கிறவர்களை நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்போம். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் ஒரு வாரம் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு உடைக்கும் வாரம் என்று பெயர். அந்த ஏழு நாளும் யாரும் பாராட்டக் கூடாது. மலையிலிருந்து உருட்டலாம், ஆற்றில் இறக்கலாம், ரயிலுக்கு எதிரே நிறுத்தலாம். எங்கே தப்பு தெரிகிறதோ அதை ஒரு வரியில் எழுத வேண்டும். வண்டியைச் செய்தவர் சமாதானம் சொல்லக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. திருத்திவிட்டு, திருத்தப் பட்டியலில் அந்தத் தப்பையும், அதை முதலில் சொன்னவர் யார் என்பதையும் எழுதினால் போதும். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு தப்பு நடந்தால் இரண்டு தீபாவளிக்குப் பேச்சு இருக்காது.

என் லோரிகளைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே உறவு அண்ணன்தான். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் நிஜ லோரி ஓட்டுநர். தெலுக் இந்தான் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்திலிருந்து செம்பனைப் பழக் குலைகளை ஏற்றிக்கொண்டு, ஹுத்தான் மெலிந்தாங் போகும் சாலையில் இருக்கிற எண்ணெய் ஆலையில் கொட்டிவிட்டு வருவார். லோரி அவருடையது அல்ல. பழம் ஏற்றுகிற குத்தகை எடுத்த ஒரு சீனருடையது. அவரை எல்லோரும் தவுக்கே, அதாவது முதலாளி என்பார்கள். எங்கள் சின்ன வயதில் அது ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அதைச் சொல்லி உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பால்மரத்து அடியில் கொசு அதிகம் என்பதைத் தவிர எனக்குப் பெரிதாக ஒன்றும் ஞாபகம் இல்லை.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியும் அண்ணன் ஒரு சம்மன் வாங்கியதில்லை. தோட்டத்துச் சாலையில் அவர் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டு நேரம் தவறிவிடும் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அந்தக் கிண்டலில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய பழ லோரியையே மோடாகச் செய்ய ஆரம்பித்தேன். ஒரு கல்யாணத்துக்காக ஈப்போ வந்தவர் என் வீட்டுக்கு வந்து, அரைகுறையாக இருந்த லோரியைத் திரையில் பார்த்தார். நான் அதை ஒரு இறக்கத்தில் விட்டதும் அவர் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது.

"பிரேக்கு இவ்ளோ சீக்கிரம் புடிக்காது பாப்பா" என்றார். "முழுச் சொமையோட எறங்குறப்ப கொஞ்சம் யோசிச்சுத்தான் நிக்கும்."

எனக்கு நாற்பது வயது ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான். அதற்குப் பிறகு வாராவாரம் போனில் படம் அனுப்ப ஆரம்பித்தார். சேசிஸுக்கு அடியில் படுத்து எடுத்த படங்கள். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்தான் தெரியும். முன்னிருக்கை எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்த டயர் எப்படித் தேய்கிறது என்று குரல் பதிவும் வரும். குடும்பத்தில் ஒருவர் என் வேலையில் குறை கண்டுபிடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

லோரியில் சுமையை மட்டும் நான் யாரையும் கேட்காமல் செய்தேன். குலைகளைத் தனித்தனியாகச் செய்தால் கணினி திணறி நின்றுவிடும். அதனால் குழுவில் பலரும் செய்வதுபோல, மேலே குலைகளின் படத்தைப் போர்த்திவிட்டு உள்ளே மொத்த எடையையும் ஒரே கட்டியாகப் பெட்டியோடு சேர்த்துக் கட்டினேன். பட்டறையிலும் அப்படித்தான். வரைபடத்தில் சுமை என்றால் பெட்டியின் நடுவில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு எண். அதில் யோசிப்பதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை நேரம் அண்ணனின் லோரி கவிழ்ந்தது. தோட்டத்துச் சாலை பொதுச்சாலையில் சேர்வதற்குச் சற்று முன் ஒரு வளைவு இருக்கிறது. ரப்பர்க் காலத்தில் பால் ஸ்டோர் இருந்த இடம் என்பதால் இன்னும் ஸ்டோர் வளைவு என்றுதான் சொல்கிறார்கள். அங்கே லோரி, லோங்காங் என்று எல்லோரும் சொல்கிற வடிகாலின் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. எதிரில் வண்டி எதுவும் இல்லை, வேறு யாருக்கும் அடி இல்லை. அண்ணனுக்குக் காறை எலும்பு உடைந்தது. நான் ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையைக் கழுத்தோடு கட்டிப் படுத்திருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"நாப்பதுலதான் வந்தேன் பாப்பா. மூனாவது கியரு. வளைவுல திரும்புறப்ப பின்னாடி என்னமோ நவுந்துச்சு. அப்பறம் ஸ்டேரிங் என் பேச்ச கேக்கல. லோங்காங் பக்கம் இழுத்துட்டுப் போயிருச்சு."

நான் தலையை ஆட்டினேன். விபத்தில் மாட்டுகிற எல்லா ஓட்டுநர்களும் ஏதோ நகர்ந்தது, ஏதோ இழுத்தது என்றுதான் சொல்வார்கள் என்று மனதுக்குள் நினைத்தேன். பட்டறைக்கு அடிபட்டு வருகிற லோரிகளோடு அவர்கள் சொல்கிற கதைகளையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருந்தது.

தவுக்கே மோசமான ஆள் இல்லை. மருத்துவமனைக்குப் பழக்கூடையோடு வந்து பார்த்தார். ஆனால் நாற்பதில் வந்த லோரி காய்ந்த சாலையிலோ ஈரச் சாலையிலோ தானாகக் கவிழாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். லோரியில் வேகத்தைப் பதிவு செய்கிற பெட்டி அதற்கு முன்பே கெட்டுப்போய்க் கிடந்ததால் இரண்டு பக்கமும் காட்ட ஒன்றும் இல்லை. எலும்பு கூடியதும் அண்ணன் மறுபடி ஸ்டேரிங் பிடிக்க வேண்டுமானால், வேகமாக வரவில்லை என்று தனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றார். இல்லாவிட்டால் ஆலை ரேம்ப்பில், கொட்டுகிற பழத்தைத் தரம் பிரிக்கிற வேலை தருவதாகச் சொன்னார். பெயர் கெடாமல் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவரிடம் அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணன் வீடு திரும்பிய இரண்டாவது வாரம் நான் பார்க்கப் போனேன். கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் உட்காரும் முன்னே ஆரம்பித்தார்.

"ஒன் லோரிய ஸ்டோர் வளைவுல ஓட்டிப் பாரேன் பாப்பா. எல்லாம் என் லோரி அளவுதானே? நாப்பதுல கவுந்துச்சுனா வீடியோ எடுத்துக் குடு. தவுக்கேகிட்ட காட்டுறேன்."

அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "கேம காட்டியா லோரிய திரும்ப வாங்கப் போறீங்க? சிரிக்கப் போறாரு அவரு."

"ஒனக்குத் தெரியாது. அதுல என் லோரி அப்படியே இருக்கு" என்றார் அண்ணன்.

அந்த வார்த்தைக்காகவே நான் ஒத்துக்கொண்டேன். மறுநாளே பட்டறைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, அளவு நாடாவும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு ஸ்டோர் வளைவுக்குப் போனேன். தோட்டத்துக் காவலாளி என்னைச் சாலை இலாகா அதிகாரி என்று நினைத்து சல்யூட் வைத்து, வெயில் ஏறும்வரை குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் அவர் நினைப்பைக் கலைக்கவில்லை. வளைவின் அகலம், எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது, வடிகாலின் ஆழம், தார் பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் எழுதி வந்து, அந்த வளைவைக் கணினியில் அப்படியே செய்தேன். அதற்கு மூன்று வாரக் கடைசி நாட்கள் பிடித்தன. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த சாலை வேறு இல்லை.

பிறகு ஓட்டினேன். நாற்பதில் லோரி லேசாகச் சாய்ந்து, ஒன்றும் நடக்காததுபோல வளைவைத் தாண்டிப் போனது. நாற்பத்தைந்து, ஐம்பது. டயர் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். ஐம்பத்தெட்டில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டது. அறுபத்திரண்டில்தான் கவிழ்ந்தது. மழை ஈரத்தைக் கூட்டினேன், ஒரு டயரைத் தேய்த்துப் பார்த்தேன், வளைவின் நடுவில் பிரேக் மிதித்துப் பார்த்தேன். நாற்பது தடவைக்கு மேல் ஓட்டியிருப்பேன். அறுபத்திரண்டுக்குக் கீழே அது கவிழ மாட்டேன் என்றது.

போனில் கூப்பிட்டு அண்ணனிடம் சொன்னேன். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். அது இப்போது தோன்றுகிறது.

"அறுவத்தி ரெண்டுக்கு கொறஞ்சா கவுற மாட்டேங்குதுண்ணே."

அவருக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"கேமுல எதும் தப்பு இருக்குமா பாப்பா?"

"கணக்கு தப்பாதுண்ணே. எல்லாம் நானே அளந்து செஞ்சது."

"அப்ப சரிம்மா" என்றார்.

ஒரு வாரம் கழித்து அண்ணி கூப்பிட்டார். அண்ணன் தவுக்கேயிடம் போய், தான் வேகமாகத்தான் வந்திருக்க வேண்டும், அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். "நீ சொன்னேன்னுதான் போய் ஒத்துக்கிட்டு வந்தாரு. நான் எவ்ளோ சொன்னேன், வாயத் தொறக்காதீங்கன்னு" என்றார் அண்ணி. அவர் குரலில் கோபம் இருந்தது, யார் மீது என்று தெரியவில்லை. உண்மை தெரிந்துவிட்டதே, இனி யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. மருத்துவமனையில் என்னிடம் நாற்பது என்று சொன்னதற்காக அண்ணனை நான் மனதுக்குள் மன்னித்தும் விட்டேன். பெரிய மனசு எனக்கு. எழுதும்போது கூசுகிறது.

எலும்பு கூடியதும் அண்ணன் ரேம்ப் வேலைக்குப் போனார். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டி வந்து கொட்டுகிற குலைகளில் காய் எது, கனிந்தது எது, அழுகியது எது என்று கம்பியால் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய பழைய லோரியும் பழுது பார்க்கப்பட்டு வேறொரு ஓட்டுநரோடு தினமும் அங்கே வந்து போனது. எனக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். நான் கேட்கவும் இல்லை.

அதன்பின் சில மாதங்கள் கழித்துத்தான் லோரியை முடித்து, உடைக்கும் வாரத்துக்காகக் குழுவிடம் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் சில்லறைத் தப்புகள் வந்தன. கண்ணாடி ஒரு பக்கம் உடைய மறுத்தது, ஹாரன் பேருந்து ஹாரன் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில், பட்டறையில் வேலை தொடங்குவதற்கு முன், குழுவில் இருக்கும் ஃபின்லாந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவர் நிஜத்தில் மரத்தடி லோரி ஓட்டுகிறவர். வழக்கம்போல ஒரே வரி.

சங்கிலி போட்டுக் கட்டிய மரத்தடியே வளைவில் நகரும், உன்னுடைய பழம் ஏன் நகரவில்லை என்று கேட்டிருந்தார்.

கணினி தாங்காது, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பதில் எழுத விரல் துறுதுறுத்தது. சமாதானம் சொல்லக் கூடாது என்ற விதியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மேல் அன்று வேலை ஓடவில்லை. மேசையில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் வரைபடம் பாதியில் கிடந்தது. நடுவில் அம்புக்குறி, பக்கத்தில் எண். பின்னாடி என்னமோ நவுந்துச்சு என்று அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு, வலியோடு, முதல் ஆளாக எனக்குத்தான் சொன்னார். நான் அதைக் குறிப்பு எடுக்கவில்லை. வடிகாலின் ஆழத்தை விரற்கடை சுத்தமாக அளந்தவள், லோரிக்குள் உட்கார்ந்திருந்த மனிதர் சொன்னதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சுமையைப் புதிதாகச் செய்தேன். குலை குலையாகச் செய்ய முடியாது என்பதால், பத்துப் பதினைந்து குலைகளுக்கு ஒரு உருண்டை என்று தனித்தனி உருண்டைகளாக்கி, பெட்டியின் விளிம்புக்கு மேலே கூம்பாகக் குவித்தேன். தோட்டத்தில் அப்படித்தான் ஏற்றுவார்கள். மேலே வலையைக் கட்டினேன். ஈரப் பழம் எவ்வளவு வழுக்கும் என்று தெரியாததால், ஈப்போ சந்தைக்குப் பழம் கொண்டு வருகிற ஒரு லோரிக்காரரிடம் போய், மழையில், குலை மாதிரியே கனமும் முள்ளுமாக இருக்கிற பலாப்பழம் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஏறி நிற்கவே முடியாது என்றார். கணினி இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாவது தடவை ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர் வளைவில் நாற்பதில் ஓட்டினேன். பாதி வளைவு வரை ஒன்றும் இல்லை. பிறகு குவியல் மொத்தமாக வெளிப்பக்கம் நகர்ந்தது. உள்பக்கச் சக்கரங்கள் தூக்கின. லோரி அவசரமே இல்லாமல், வயசானவர் படுக்கையில் சாய்கிற மாதிரி, வடிகால் பக்கம் சாய்ந்து படுத்தது. அவ்வளவு மெதுவாகக் கவிழும் என்று நான் நினைத்திருக்கவில்லை. முப்பத்தெட்டிலும் கவிழ்ந்தது. முப்பத்தைந்தில் தப்பித்தது. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்துபோய் மீதி இருந்த சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். பசித்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் அழுகை வந்தது.

திருத்தப் பட்டியலில் எழுதினேன்: சுமை இப்போது நகரும். முதலில் சொன்னவர் என்ற இடத்தில் என் அண்ணன் என்று போட்டேன். ஃபின்லாந்துக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. உன் அண்ணன் ஓட்டுநரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பின்னே அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாத குடும்பத்தில் அதற்கு வார்த்தையே அகப்படாது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் மேசையில் கணினியை வைத்து வீடியோவை ஓட விட்டேன். அண்ணன் முன்னால் குனிந்து பார்த்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றார்.

லோரி சாய்ந்ததும் அண்ணன், "அட, அச்சா இப்படித்தான் வுழுந்துச்சு" என்றார். மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். "பழம் நவுர்றது பாரேன். அப்படியே செஞ்சிருக்க பாப்பா."

"இது நாப்பதுல ஓட்டுனதுண்ணே" என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. மொதல்ல நான் செஞ்சதுதான் தப்பு. பழம் நவுராத மாதிரி கட்டி வச்சிட்டேன். என் தப்புண்ணே. இத எடுத்துட்டு நாளைக்கே தவுக்கேகிட்ட போலாம். நானும் கூட வாரேன்."

"எதுக்கு?" என்றார்.

"எதுக்கா? நீங்க நாப்பதுல வந்தீங்கன்னு காட்டத்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஏதோ விளங்காததை விளக்குகிறவர்போலப் பொறுமையாகப் பேசினார்.

"நான் நாப்பதுல வரலயேம்மா. வேகமாத்தான் வந்தேன்."

"ஆஸ்பத்திரில நீங்கதானே சொன்னீங்க? மூனாவது கியருன்னு சொன்னீங்களே."

"அது பயத்துல சொல்லியிருப்பேன்லா. நாலாவது கியரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வளைவுக்கு முன்னாடி மீட்டர பாத்தேன். அறுவத்தி ரெண்டு."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. வெளியே பெய்து ஓய்ந்த மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணி என்னைப் பார்க்காமல் அடுக்களைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அந்த மீட்டரை மோடுக்காகக் கோடு கோடாக வரைந்தவள் நான். பத்துப் பத்தாகத்தான் அதில் கோடு இருக்கும். நடுவில் வேறு எதுவும் கிடையாது. முள்ளும் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அறுபத்திரண்டு என்ற எண்ணை அந்த மீட்டரில் யாராலும் படிக்க முடியாது. அந்த எண் என் கணினியைத் தவிர வேறு எங்கேயும் இருந்ததில்லை. இதையெல்லாம் நிறுத்தி நிதானமாக அவரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, மடிக்கணினியை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார்.

"எனக்குத் தெரியாதா பாப்பா?" என்றார். "நான்தானே ஓட்டுனேன்."